இங்கே வந்தால் அவள் என்ன செய்வாள்?

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு நான் சொன்ன பதில் தவறு. பள்ளி விடுமுறையில் அம்மா கண் பரிசோதனைக்காக மலாக்கா வருகிறாள், பத்து நாள் இங்கே நம் வீட்டில் இருப்பாள், பாப்பாவையும் கூடவே அனுப்பலாமா அல்லது மூவாரில் உன் மாமியார் வீட்டில் விடலாமா என்று நீயும் ரேவதியும் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். அதற்கப்புறம், "அங்க வந்தா அவ என்னப்பா செய்வா?" என்றாய். நான் யோசிக்கவே இல்லை. "ஏன், டிவி இருக்குல்ல, கார்ட்டூன் எல்லாம் வருது" என்றேன். "சரிப்பா, வெள்ளிக்கிழம சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். அந்தச் 'சரிப்பா'வை எனக்கு நன்றாகத் தெரியும். மூவார் என்று முடிவாகிவிட்டால் அதை எனக்குச் சொல்ல நீ வைத்திருக்கும் சொல் அதுதான். இன்று வியாழக்கிழமை. நீ முடிவெடுப்பதற்கு முன் சரியான பதிலை எழுதி, போனிலேயே அனுப்பிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கேள்வியில் பிழை இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? புலாவ் செபாங்கில் நம் தாமானின் கடைசி வீட்டு வரிசைக்குப் பின்னால் செம்பனை எண்ணெய்த் தோட்டம் தொடங்கிவிடுகிறது. பகலில் ரயில் போகும் சத்தம், பக்கத்து வீட்டு கேட் திறக்கும் சத்தம், அவ்வளவுதான். மூன்று அறைகளில் இரண்டைப் பூட்டியே வைத்திருந்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி என்று புழக்கம் சுருங்கிவிட்டது. அம்மா உன் வீட்டுக்குப் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. "ஒரு மூணு மாசம்தான்ப்பா, பாப்பாவ பாத்துக்க ஆள் கெடைக்கிற வரைக்கும்" என்று சொல்லி ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போனாய். ஆள் கிடைக்கவில்லை. யாரும் தேடியதாகவும் தெரியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வாங்களேன்ப்பா" என்றாயே, அதை நான் அழைப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கிளம்புகிறவர்கள் வாசலில் சொல்லும் பேச்சு அது. அப்போது எனக்கு சுங்கை ஊடாங் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை இருந்தது. போன வருடம் அதையும் முன்கூட்டியே விட்டேன். விட்டபின் யாரும் கூப்பிடவில்லை. இதை நான் மறக்கவில்லை. நான் எதையுமே மறக்காதவன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இந்தக் குறையைச் சொல்வதற்காக உட்காரவில்லை, ஆனால் இதை விழுங்கிக்கொண்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

தினமும் மதியம் ஒரு மணிக்கு அம்மா கூப்பிடுவாள். "சாப்டீங்களா, என்ன சமைச்சீங்க?" என்பாள். "சோறு, சாம்பார்" என்பேன். சாம்பார் நேற்று வைத்ததாக இருக்கும். பேச்சு அதோடு தீர்ந்துவிடும். ஆனால் அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "பாட்டி, பசை எங்க? பாட்டி, இந்தப் பெட்டிய வெட்டலாமா? பாட்டி, இது காய மாட்டேங்குது." அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ. வீட்டுக்கு வரும் அட்டைப்பெட்டி ஒன்றையும் பாப்பா விடுவதில்லையாம், முட்டைத் தட்டைக்கூட ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறதாம். இவ்வளவும் தெரிந்த ஒருவன் 'டிவி இருக்கு' என்று பதில் சொன்னால், கேட்டவன் 'சரிப்பா' என்றுதானே வைப்பான்?

நீ தயங்கியது டிவிக்காக இல்லை என்றும் எனக்குத் தெரியும். போன தீபாவளிக்கு உன் வீட்டு முன்வாசலில் நடந்ததைத்தான் நீ நினைத்திருப்பாய். பாப்பா வண்ண அரிசியில் தாமரைக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா சுண்ணக்கட்டியால் கோடு வரைந்து கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். குழந்தை ஒவ்வொரு பிடியாக எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்குள் தூவினாள். பாதி கோட்டுக்கு வெளியேதான் விழுந்தது. இடப்பக்க இதழ் வலப்பக்க இதழைப்போல இரண்டு மடங்கு இருந்தது. பச்சையும் ரோஸும் கலந்து ஓர் ஓரத்தில் சேற்று நிறம் வந்திருந்தது. நான் குனிந்து, "பாப்பா, இங்க பாரு, இப்படி வரணும்" என்று அந்த இதழைக் கையால் கூட்டி எடுத்துவிட்டு மறுபடியும் நிரப்பினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். "அப்ப தாத்தாவே பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து, குழாயில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோலத்தை நான்தான் முடித்தேன். வந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நீ மட்டும் கதவோரம் நின்று, "இப்பவும் அதேதானாப்பா?" என்றாய். அதற்குப் பிறகு நீங்கள் யாரும் இங்கே வரவில்லை.

'அதே' என்று நீ சொன்னது எது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். இப்போது நானே சொல்கிறேன், ஏனென்றால் இருபது வருடத்துக்கு மேலாக நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நீ தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது கைவேலைப் போட்டி வைத்தார்கள். நம் ஊர்த் தொழில் ஒன்றைப் பொம்மையாகச் செய்து கொண்டுவர வேண்டும். நீ செம்பனைக் குலை ஏற்றும் லாரி செய்தாய். கூடத்துத் தரையில் நான்கு நாள் உட்கார்ந்து செய்தாய். என்னுடைய காலணிப் பெட்டிதான் லாரி. தண்ணீர்ப் போத்தலின் மூடிகள் மூன்று, இருமல் மருந்துப் போத்தலின் மூடி ஒன்று, இவைதான் சக்கரங்கள். மருந்து மூடி சிறியது என்பதால் லாரி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். பழைய நாளிதழைக் கசக்கி, செம்மஞ்சள் சாயத்தில் நனைத்து, குலைகளாக அடுக்கியிருந்தாய். அந்தக் குலைகளின் மேல் தீக்குச்சியில் ஓர் ஆள். "தம்பி, டிரைவர் ஏன்டா மேல உக்காந்திருக்காரு?" என்று கேட்டேன். "உள்ள வேகுதுப்பா. ஏர்கோன் இல்ல" என்றாய். இன்றைக்கு அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. எனக்குக் கண்ணில் பட்டது சாய்ந்த லாரி மட்டும்தான்.

சனிக்கிழமை காலை நீ டியூஷனுக்குப் போயிருந்தாய். நான் அளவுகோலையும் வெட்டுக்கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன், அளவு பிசகினால் கை சும்மா இருக்காது. கெட்டி அட்டையில் புதிய லாரி செய்தேன். நான்கு சக்கரமும் ஒரே அளவு, உருளும். பின்கதவு கீல் வைத்துத் திறக்கும். டிரைவர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். நீ திரும்பி வந்து மேசையைப் பார்த்து, "இது யாரோடது?" என்றாய். "உன்னோடதுதான்டா. அப்பா கொஞ்சம் சரி பண்ணேன்" என்றேன். நீ அதைத் தொடவில்லை. "என்னோடது எங்க?" என்றாய். உன்னுடையதைக் குப்பையில் போட்டிருந்தேன். அதை அன்று காலையிலேயே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் லூபோக் சீனா தோட்டப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். ஆறு வருடமும் நான் முதல், அவர் இரண்டாவது. பிறகு அவர் ஆசிரியர் பயிற்சிக்குப் போனார், நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். எங்கள் தோட்டத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆனால் ஊரில் எழுந்து நின்று வணங்கியது அவரைத்தான். கோயில் கூட்டமானாலும் கல்யாண வீடானாலும் அவருக்கு முன்வரிசை. ஆலை ஆய்வுக்கூடத்தில் சோதனைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை யாருக்குத் தெரியும்? என் மகனுடைய பொம்மை அவர் மேசையில் சாய்ந்து நிற்கக் கூடாது என்று நினைத்தேன். லாரி உனக்காகச் செய்ததில்லை. அவர் பார்ப்பதற்காகச் செய்தது.

பரிசளிப்பு அன்று உனக்கு முதல் பரிசு என்று அறிவித்தார்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். அவர் லாரியைக் கையில் எடுத்து, பின்கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "பலே! இந்தக் கதவ எப்படிப்பா செஞ்ச? எல்லாருக்கும் சொல்லு" என்று மைக்கை உன் வாயருகே நீட்டினார். நீ கொஞ்சமும் பயமில்லாமல் சொன்னாய்: "தெரியாது சார். இது அப்பா செஞ்சது. நான் செஞ்சத அப்பா வீசிட்டாரு." அவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "அப்போ பரிச அப்பாவுக்குத்தான் குடுக்கணும் போலருக்கே! சார், மேடைக்கு வர்றீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே வந்து, காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னை மேடையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அம்மா அப்போது பேக்டரியில் வேலை, அவளுக்குத் தெரியாது. மதியத்துக்கு மேல் பள்ளி வேன் உன்னை இறக்கிவிட்டது. வேன்காரர் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், புள்ளய மறந்துட்டு வந்துட்டீங்களே லா" என்றார். நான் மறக்கவில்லை என்பது உனக்குத் தெரிந்திருந்தது. லாரி உன் மடியில் இருந்தது. அதை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாய்.

அன்றிலிருந்து பதினொரு நாள் நான் உன்னோடு பேசவில்லை. உனக்கு வயது எட்டு. சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பாய், நான் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன். "எட்டு வயசு புள்ளகிட்ட போயி ரோஷம் காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள். எனக்கு வெட்கம் வரவில்லை. மேடையில் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனதால் பேச்சு வந்தது, அவ்வளவுதான். மன்னிப்பு நான் கேட்கவும் இல்லை, நீ எதிர்பார்க்கவும் இல்லை. அதற்குப் பிறகு நீ ஒரு படம் வரைந்து என்னிடம் கொண்டுவந்து காட்டியது கிடையாது. வளர்ந்தாய், நன்றாகப் படித்தாய், நல்ல வேலையில் இருக்கிறாய். என்ன கேட்டாலும் 'சரிப்பா' என்று சொல்லக் கற்றுக்கொண்டாய். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பதினொரு நாள்தான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தலைமையாசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. குழந்தையிடம் கேள்வி கேட்டது சரிதான், ஆனால் மைக்கில் அந்தக் கிண்டல் தேவையில்லை. போன மாதம் பாசாரில் எதிரே வந்தார், நான் மீன்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தக் கோபம் என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். அதில் உன்னையும் சேர்த்து வைத்திருந்தேன் என்பதுதான் என் குற்றம். உண்மையைச் சொன்ன பிள்ளைமேல் ஒரு தகப்பன் வருடக்கணக்கில் மனத்தாங்கல் வைத்திருந்தான். இதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.

அந்த மூன்று நாளில் வேறொன்றும் செய்தேன். திங்கட்கிழமை காலை, ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் கடை வரிசை மாடியில் இருக்கும் பாலர்பள்ளிக்குப் போனேன். கோமதி என்ற ஆசிரியை அதை நடத்துகிறார், உன்னைவிட மூன்று நான்கு வயது இளையவராக இருப்பார். "ஐந்து வயதுக் குழந்தை வீட்டில் செய்யக்கூடிய கைவேலைகள் ஒரு பத்து எழுதிக் கொடுக்க முடியுமா" என்று நோட்டும் பேனாவுமாக நின்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கிள் ரிட்டயர் ஆயிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"அதான் ஆடிட் பண்ண வந்த மாதிரியே இருக்கீங்க. எழுதிக் குடுத்தா வேலைக்காவாது லா. நாளைக்கு வாங்க, உக்காந்து பாருங்க. பேனா வேணாம்."

மறுநாள் போனேன். தாழ்ந்த மேசையைச் சுற்றி ஏழு குழந்தைகள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தோய்த்து, தாளில் அச்சு வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெட்டுக்கு ஒரு பூ. என் பக்கத்தில் இருந்த சிறுமி பூவின்மேல் பூவாகக் குத்திக் குத்தித் தாளே கிழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டாள். என் கை தானாக நீண்டது. "அங்கிள்!" என்று அறையின் அந்தப் பக்கத்திலிருந்து குரல். "கைய பின்னால கட்டிக்குங்க." குழந்தைகள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு நான் அப்படி நின்றதில்லை. அந்தச் சிறுமியிடம், பேச்சுக்கு, "இவ்ளோ பூ ஒரே எடத்துலயா?" என்றேன். "இது பூ இல்ல தாத்தா, பூக்கடை" என்றாள், எனக்கு விளங்காததற்காக இரக்கப்பட்டு.

வகுப்பு முடிந்ததும் கோமதி டீச்சர் மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னது இவ்வளவுதான். முதலில் மாதிரி செய்து காட்டக் கூடாது, காட்டினால் குழந்தை அதைத்தான் செய்யப் பார்க்கும், வராவிட்டால் விட்டுவிடும். 'இது என்ன' என்று கேட்கக் கூடாது, 'இதைப் பற்றிச் சொல்லு' என்று கேட்கலாம். உடனே 'அழகா இருக்கு' என்றும் சொல்ல வேண்டாம், கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்: சிவப்பு நிறைய இருக்கே, இந்த மூலையில் ஒன்றும் இல்லையே என்று. இருபது நிமிடத்துக்குமேல் பிடித்து வைக்கக் கூடாது. "ஒட்றது அவங்க வேல, தொடைக்கிறது நம்ம வேல. அத மாத்திக்கிட்டாதான் அங்கிள் எல்லாப் பிரச்சினையும்" என்றார். பிறகு, "பேத்தி எப்ப வர்றா?" என்றார். வருவாளா என்றே தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வெள்ளிக்கிழமை தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நானே செய்து பார்த்தேன். இரண்டு கோப்பை கோதுமை மாவு, அரைக் கோப்பை உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் கையில் ஒட்டாத களிமண் போல வரும். உப்பு கரிப்பதால் குழந்தை வாயில் போட்டாலும் துப்பிவிடும். கேக்குக்குப் போடும் கலர் இரண்டு சொட்டு விட்டு, மூடி போட்ட டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு அந்த மாவு உருண்டையை முன்னால் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, தம்பி. ஐம்பத்தாறு வயது, பட்டம் வாங்கியவன், அளவும் வரைபடமும் கொடுத்தால் எதையும் செய்துவிடுவேன். 'எது வேண்டுமானாலும் செய்' என்றால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. உருட்டினேன், தட்டையாக்கினேன், மறுபடியும் உருட்டினேன். உனக்கு எட்டு வயதில் ஒரு டிரைவரை லாரியின் மேலே உட்கார வைக்கத் தோன்றியதே, அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் முதல்முறையாக யோசித்தேன். நான் வீசியது அட்டைப்பெட்டியை மட்டும் இல்லை என்பது கையில் மாவோடு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது.

ஆகவே, உன் கேள்விக்குப் பதில். இங்கே வந்தால் அவள் மாவு பிசைவாள். இலை எடுத்து, நரம்பு மேலே தெரிய வைத்து, தாளை அதன்மேல் போட்டு, வண்ண மெழுகுக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்ப்பாள். தாளில் இலையே எழுந்து வரும். செம்பனை இலை நீளம், ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும், இரண்டும் பக்கத்திலேயே கிடைக்கின்றன. லூபோக் சீனா சாலையில் விட்டுவைத்திருக்கும் பழைய ரப்பர் மரங்களுக்கு அடியில் நேற்று ஒரு பை நிறையக் கொட்டைகள் பொறுக்கி வந்து கழுவி வைத்திருக்கிறேன். அவற்றுக்குச் சாயம் பூசி வண்டு செய்வாளோ, வேறு எதுவும் செய்வாளோ, அது அவள் இஷ்டம். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் நல்ல பசை, கடைப் பசை தீர்ந்தால் அழ வேண்டியதில்லை. முட்டைத் தட்டு இந்த வீட்டில் யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள். அரிசிக்குச் சாயம் ஏற்றுவதும் கற்றுக்கொண்டேன். ஒரு கோப்பை அரிசி, ஒரு தேக்கரண்டி வினிகர், நாலைந்து சொட்டுக் கலர், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை முடிந்து குழந்தையிடம் கொடுத்துவிட்டால் அவளே குலுக்கி முடித்துவிடுவாள். நிழலில் நாளிதழ்மேல் பரப்பி உலர்த்த வேண்டும். கோலம் போட முன்வாசல் பெரிதாகவே இருக்கிறது. பச்சையும் ரோஸும் கலந்து சேற்று நிறம் வந்தால் வரட்டும். உடுப்பு பாழாகாமல் இருக்க என் ஆய்வுக்கூட வெள்ளைக் கோட்டின் கைகளை முழங்கை அளவுக்கு வெட்டி வைத்திருக்கிறேன். பின்பக்கமாகப் போட்டுவிட்டால் அவளுக்குப் பாதம் வரைக்கும் வரும். வெட்டும்போது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு போக எனக்கும் இனி இடமில்லை.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்வேன், அறிவுரை என்று எடுத்துக்கொண்டாலும் சரி. பாப்பா ஏதாவது கொண்டுவந்து காட்டும்போது போனைக் கீழே வை. அவள் சொல்லி முடிக்கும்வரை கேள். எதையும் நேராக்காதே. அவள் உன்னிடம் கொண்டுவருவதை ஒருநாள் நிறுத்திவிடுவாள் என்று நீ நினைக்கமாட்டாய், நானும் நினைக்கவில்லை. நிறுத்தியதைக்கூட நான் கவனிக்கவில்லை. அது எந்த நாள் என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை.

என்னைப் பற்றி நீ பயப்படுவதில் நியாயம் உண்டு. மூன்று நாளில் ஒருவன் மாறிவிடுவான் என்று நானே நம்பமாட்டேன். என் கை நீளும். நீளும்போது பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்ல அம்மா இருக்கிறாள், அவளுக்கு அந்த அதிகாரத்தை இப்போதே கொடுத்துவிடுகிறேன். அதற்குமேலும் மனம் ஒப்பவில்லை என்றால் மூவாருக்கே அனுப்பு. லீவு கிடைக்கவில்லை, சளி பிடித்திருக்கிறது என்றெல்லாம் சொல்ல வேண்டாம். 'உங்ககிட்ட விட எனக்கு மனசு வரலப்பா' என்று நேராகச் சொல். அதைக் கேட்டு நான் எழுந்து போகமாட்டேன். உன்னோடு பேசுவதையும் நிறுத்தமாட்டேன். மறுநாள் ஒரு மணிக்கு அம்மா கூப்பிட்டால், சோறு, சாம்பார் என்று பதில் சொல்வேன்.

அனுப்புவதாக இருந்தால் இன்னும் ஒன்று. அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உடனே காரைத் திருப்பிவிடாதே. ஒரு பகல் இரு. பூட்டிய அறைகள் இரண்டையும் திறந்து கூட்டிவிட்டேன், கூடத்துத் தரையையும் துடைத்தாயிற்று. பாய் பெரிது, அவளோடு நீயும் உட்காரலாம். முப்பது வயது ஆள் மாவு உருட்டக் கூடாது என்று சட்டம் இல்லை. என்ன செய்கிறாய் என்று நான் கேட்கமாட்டேன், எட்டிப் பார்க்கவும் மாட்டேன். உங்கள் இருவருக்கும் சேர்த்து அன்று புதிதாகச் சமைக்க வேண்டும், எனக்கு அடுப்படியில் வேலை இருக்கும். முடிந்ததும், காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மட்டும், கூப்பிடு. கையைக் கழுவிக்கொண்டு வருகிறேன்.

அப்பா